திருவிருந்துக்கு முன் கிடைத்த வெல்லம்

என் வீட்டுக்காரர் காப்பிச் செடிகளுக்கு நடுவே உட்கார்ந்துகொண்டு என்னைப் பார்த்து, “ஏனுங்க, நீங்க யாருங்க?” என்று கேட்டார். இருபத்தைந்து வருடம் இவரோடு குப்பை கொட்டியவள் நான். 

நடந்ததைச் சொல்கிறேன், சபையாரே. போன மார்கழியில் எங்கள் கல்யாண நாளுக்கு, டெண்டைச் சுமந்துகொண்டு சேர்வராயன் மலையில் ஒரு சுற்று நடந்து வரவேண்டும் என்று இவருக்கு ஆசை. சனிக்கிழமை நாகலூரில் புறப்பட்டோம். கரடியூரில் தெரிந்தவர் தோட்டத்தில் தங்கினோம். ஞாயிறு காலை வேறு பாதையில் நாகலூர் திரும்பி ஆராதனைக்குப் போகத் திட்டம். அன்று திருவிருந்து. அப்பமும் திராட்சரசமும் வெறும் வயிற்றோடு வாங்குவதுதான் எங்கள் பழக்கம். அதனால் மிச்சமிருந்த ரொட்டி, பழம் எல்லாவற்றையும் தோட்டத்திலேயே கொடுத்துவிட்டேன். ஆனால் விடிந்ததும் இவர் வழக்கம்போல இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டார். ஊசி போட்டால் சாப்பிட்டே ஆகவேண்டும் என்பது இரண்டு பேருக்குமே உறைக்கவில்லை. புத்தி எங்கே போச்சோ!

பாதி வழியில் வியர்த்துக் கொட்டி, கை நடுங்கி, பேச்சுக் குழறி உட்கார்ந்துவிட்டார். சுற்றிலும் பனிமூட்டம். பையைக் கவிழ்த்துப் பார்த்தேன். ஒரு மிட்டாய்கூட இல்லை. போனில் சிக்னல் இல்லை. “கர்த்தாவே, நான் செய்த முட்டாள்தனத்துக்கு இவரை எடுத்துக்கொள்ளாதேயும்! யாரையாவது அனுப்பும்!” என்று அலறினேன்.

மேல்பாதையிலிருந்து ஒரு பெண் கூடையோடு ஓடிவந்தார்.

“என்னாச்சுங்க்கா? சத்தங் கேட்டு ஓடியாறேன்.”

“சக்கரை எறங்கிருச்சுங்க. இனிப்பு ஏதாச்சும் இருக்குங்களா?”

கூடையில் தேங்காய், பழம், வெல்லம். கோயிலுக்குப் போகிறவர். கோயிலில் படைத்ததைத் தொடக்கூடாது என்று வளர்ந்தவள் நான். வெட்கத்தோடு சொல்கிறேன், அந்த நேரத்திலும் என் கை நீளவில்லை. அவர் புரிந்துகொண்டார்.

“இன்னும் சாமிக்கு வெக்கலீங்க்கா. மொதல்ல இவருக்குக் குடுங்க” என்று வெல்லத்தைக் கல்லில் தட்டி உடைத்து, அவரே கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டிவிட்டார்.

கால் மணி நேரத்தில் இவருக்குத் தெளிவு வந்தது. “கிரேஸு, சர்ச்சுக்கு நேரமாச்சா?” என்றார்.

“உசுரு போயி வந்திருக்கு, இதுல சர்ச்சு வேற!” என்று திட்டிக்கொண்டே அழுதேன். ஸ்தோத்திரம் ஸ்தோத்திரம் என்பதைத் தவிர வேறு வார்த்தை வரவில்லை.

அந்தப் பெண் வந்த வழியே திரும்பினார். “கோயிலுக்குப் போகலீங்களா?” என்று கேட்டேன்.

“ஒடைச்சத வெக்கக் கூடாதுங்க்கா. ஊட்டுக்குப் போயி வேற எடுத்தாறேன்.”

நல்ல ஏற்றம் அது. முகத்தில் ஒரு சலிப்பில்லை.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஆராதனை முடிந்திருந்தது. இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமையும் நாலு இட்லி தின்ற பிறகுதான் இவரை வாசல் தாண்ட விடுகிறேன். இந்தப் பொங்கலுக்கு அந்தத் தங்கச்சி வீட்டில் உட்கார்ந்து வயிறாரச் சாப்பிட்டோம்.

நெருக்கடியில் இருக்கிறவர்களே, கர்த்தரைக் கூப்பிடுங்கள். கேட்கிறார். அவர் அனுப்பும் உதவி யார் கையில் வந்தாலும் உடனே வாங்கிக்கொள்ளுங்கள். நான் தயங்கி நின்றேனே, அந்தத் தங்கச்சியும் தயங்கியிருந்தால் நான் இன்று விதவை.