பதினேழாம் பாறையில் ஒரு மான்

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க, உங்க நிழல் விழுது" என்று என்னை ஒதுக்கிவிட்டு, முகம் பார்க்கும் கண்ணாடியால் வெயிலைப் பாறைமேல் திருப்புகிறார் படியெடுக்கும் அம்மா. வெளிச்சம் படுக்கைவாட்டில் ஓடினால்தான் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் கொத்திய கோடுகள் தலைகாட்டும். அதற்குக் காலையில் அரை மணி, மாலையில் அரை மணி. அதற்குள் பள்ளத்தாக்கையே ஏறி இறங்கிவிடுகிறார். இவரைப் பற்றி எழுத வந்து பின்னால் ஓடிய எனக்கு நாக்கு தள்ளிவிட்டது.

பாறையில் பிளாஸ்டிக் தாளை ஒட்டி, அடியில் தெரியும் கோடுகளைப் பேனாவால் படியெடுப்பது இவர் வேலை. வயது ஐம்பத்தெட்டு. சாப்பாடு நின்றபடியே. வீட்டிலும் இதே கூத்துதான். புதிதாக வெள்ளையடித்த சுவரில் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து மேடுபள்ளம் பார்த்திருக்கிறார். பெயிண்டர் அப்புறம் அந்தத் தெருப்பக்கமே வரவில்லை. "அண்ணி வந்தா எங்க வீட்டுச் சுவரெல்லாம் நடுங்குது" என்கிறார் நாத்தனார்.

இப்போது பரபரப்பு ஒரு பங்கு கூடுதல். சாலையை அகலப்படுத்தப் பாறைகளை உடைக்கிறார்கள். சித்திரம் உள்ளவை தப்பும், மற்றவை தூளாகும். போன வருடம் அந்தப் பட்டியலைப் போட்டவர் இவர்தான். பதினேழாம் பாறைக்கு நேராக 'வெறும் கீறல்' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கிறார். நேற்று மாலைச் சாய்வெயிலில் அதே பாறையில் கொத்திய ஒரு மான் கழுத்தைத் திருப்பி இவரைப் பார்த்ததாம்.

இன்று காலை துளைபோடும் இயந்திரம் வந்துவிட்டது, வெயில்தான் வரவில்லை. கண்ணாடிக்கு வேலையில்லை, டார்ச்சும் பகலில் எடுபடவில்லை. பாறை மொழுக்கென்று கிடந்தது. எனக்கே சந்தேகம் வந்தது. அதற்காக வெட்கமாகவும் இருந்தது. சாலை வேலையின் பொறியாளர் பட்டியலை நீட்டி, கையெழுத்து உங்களுடையதுதானே என்று பணிவாகத்தான் கேட்டார்.

"என்னுதுதான் தம்பி. உச்சி வெயில்ல பாத்து எழுதிட்டேன். தப்பு என் மேல."

இதைச் சொன்னால் முப்பது வருடமாக இவர் போட்ட பட்டியல்களையெல்லாம் கிளறுவார்கள். தெரிந்தேதான் சொன்னார். சரி, மானைக் காட்டுங்கள் என்றார் பொறியாளர்.

சித்திரத்தில் கை வைக்கவே கூடாது என்பது இவர்கள் தொழிலின் முதல் பாடம். அந்த அம்மா பொறியாளரின் கையுறையை உருவினார். ஆள்காட்டி விரலைப் பிடித்துக் கோட்டின் பள்ளத்தில் வைத்து, முதுகிலிருந்து கழுத்துக்கு, கழுத்திலிருந்து நெற்றிக்கு மெல்ல இழுத்துப் போனார். கொம்பு கிளைக்கும் இடத்தில் பிடியை விட்டார். விரல் தானாகவே மேலே போயிற்று.