ஐந்தாம் அச்சு

சிட்னிக்கு வந்த முதல் வருடத்தில் நான் கற்றுக்கொண்ட பாடம், இந்த நாட்டில் ஒருவர் வீட்டுக்குப் போவதற்கு ஒரு காரணம் வேண்டும் என்பது. எழுபதுகளின் நடுப்பகுதி அது. செவன் ஹில்ஸில் ஒரு தொழிற்சாலையில் எனக்கு ஃபிட்டர் வேலை. கூட வேலை செய்த ஒருவன் ஒரு வெள்ளிக்கிழமை, "ஒரு நாளைக்கு வீட்டுப் பக்கம் வாவன்" என்றான். நான் அந்த ஞாயிற்றுக்கிழமையே ஒரு பை தோடம்பழத்துடன் போய் நின்றேன். அவன் வலைக்கதவைத் திறக்காமலே, "ஏதும் பிரச்சினையோ?" என்று கேட்டான். ஒன்றுமில்லை, வரச் சொன்னாய், வந்தேன் என்றேன். அவன் முகத்தில் தெரிந்த குழப்பத்தைப் பார்த்ததும் எனக்கு உயிரே போய்விட்டது. பழப்பையைக் கொடுத்துவிட்டு அவசர வேலை இருப்பவன் போல விறுவிறு என்று நடந்தேன். எனக்கு என்ன அவசரம்? வாடகை அறைக்குத் திரும்பிக் கட்டிலில் இருந்தபடி சுவரைப் பார்ப்பதுதான் வேலை.

அவன் ஆங்கிலத்தில்தான் கேட்டான். ஆனால் அந்தக் காலத்து மனிதர்கள் எல்லாரும் என் நினைவில் யாழ்ப்பாணத் தமிழில்தான் பேசுகிறார்கள். ஒரு நாள் முழுக்கத் தமிழில் ஒரு சொல் பேசாமல் இருப்பவனுடைய காது தனக்கு வேண்டியதைத் தானே செய்துகொள்ளும் போலிருக்கிறது.

வார நாட்களில் பரவாயில்லை. இயந்திரச் சத்தத்தில் மனிதன் தன்னை மறந்து இருந்துவிடலாம். சனி, ஞாயிறுதான் கொல்லும். ஊரிலிருந்து அம்மா எழுதிய கடிதத்தில் புரட்டாதிச் சனி வருகிறது, சனீஸ்வரனுக்கு எள்ளெண்ணெய் எரிக்க மறந்துவிடாதே என்று இருந்தது. எங்கே போய் எரிப்பது? எனக்குத் தெரிந்து ஒரு கோயிலும் இல்லை. தெரிந்த வீடு என்றும் ஒன்றும் இல்லை.

அந்த நேரத்தில்தான் எங்கள் தொழிற்சாலையின் ஸ்டோர்காரர் என்னிடம் ஒரு உதவி கேட்டார். அறுபதை நெருங்கிய மனிதர். மனைவி இறந்தபின் பிளாக்டவுனில் தனியாக இருந்தார். ஸ்டோர் யன்னலுக்குள்ளால் கருவிகளை எடுத்துத் தருவதும் கையெழுத்து வாங்குவதும் தவிர அவர் யாருடனும் அதிகம் பேசமாட்டார். அன்றைக்கு, "மேட், நீ நுணுக்கமான வேலைக்காரன் எண்டு கேள்விப்பட்டன். என்ர துவக்கு ஒண்டு சிக்குது. வந்து பாக்கிறியோ?" என்றார். போவதற்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டது. கோயிலுக்குப் போகிறவன் மாதிரி சனிக்கிழமை காலையிலேயே முழுகிவிட்டு ரயில் ஏறினேன்.

அது அவருடைய தகப்பனின் துவக்கு. கௌபோய் படங்களில் குதிரையில் இருந்தபடி கீழே உள்ள இரும்பு வளையத்தை இழுத்து இழுத்துச் சுடுவார்களே, அந்த வகை. வளையத்தை முன்னே தள்ளினால் சுட்ட ரவையின் வெற்றுக் கோது வெளியே பாயும். பின்னே இழுத்தால் அடுத்த ரவை குழலுக்குள் ஏறும். படங்களில் அது சிக்கியதே கிடையாது. அவருடையது நாலு சூட்டுக்கு ஒரு தரம் சிக்கியது.

அந்தப் பழைய துவக்குக்குக் கடைகளில் ரவை கிடைப்பது அரிது. அவரே வீட்டுக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகையில் ஈயத்தை உருக்கி, ரவையின் தலையான சன்னத்தை வார்த்துப் பழைய கோதுகளில் இறுக்கிக்கொள்வார். பல இடங்களில் வாங்கிய ஆறு அச்சுகள் ஒரு பிஸ்கட் பெட்டிக்குள் கிடந்தன. ஒவ்வொன்றோடும் அதில் வார்த்த ஒரு சன்னம் மாதிரிக்குக் கட்டியிருந்தது. கூர் நுனி உள்ள ஒன்றை அவரே ஒதுக்கியிருந்தார். இந்தத் துவக்கில் ரவைகள் சுடும் குழலுக்குக் கீழே உள்ள குழாய்க்குள் ஒன்றின் பின் ஒன்றாகப் படுத்திருக்கும். கூர் நுனி முன்னால் இருப்பதன் அடியில் இடித்தால் குழாய்க்குள்ளேயே வெடித்துவிடும். மிச்சம் ஐந்து அச்சு. எது சிக்காமல் ஏறும் என்பதுதான் கேள்வி.

அது அவருக்கு விளையாட்டில்லை. டிசம்பர் மாதம் முதல் சனிக்கிழமை அவருடைய சூட்டுக் கழகத்தில் வருடாந்தப் போட்டி. பத்து ரவை, குறித்த நேரத்துக்குள் சுட வேண்டும். சிக்கினால் துவக்கைக் கீழே வைத்துவிட்டு விலக வேண்டியதுதான். போன வருடம் நாலாவதிலேயே சிக்கி, எல்லாரும் சிரித்தார்களாம். "வெல்ல வேணுமெண்டு இல்லை. அப்பான்ர துவக்கு பத்தும் சுட்டு முடிக்கிறதை அவங்கள் பாக்க வேணும். அவ்வளவுதான்" என்றார்.

முதல் சனிக்கிழமை துவக்கைக் கழற்றித் துடைத்துப் பூட்டினோம். மத்தியானம் அவர் சொசேஜ் பொரித்தார். புரட்டாதிச் சனியில் நான் மச்சம் சாப்பிடுவதில்லை என்று சொன்னேன். ஏன், எதற்கு என்று கேட்காமல் தகரத்தில் அடைத்த பீன்ஸ் ரின் ஒன்றை உடைத்துச் சூடாக்கித் தந்தார். அடுத்த முறை போனபோது அலுமாரியில் பன்னிரண்டு ரின் அடுக்கியிருந்தது. எனக்காக வாங்கியது. புரட்டாதி முடிந்தபிறகும் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஐப்பசி முழுக்கப் பீன்ஸ்தான் தின்றேன். சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விடுவதில் எனக்குப் பிறவியிலேயே ஒரு கெட்டித்தனம் உண்டு.

இரண்டாவது சனிக்கிழமை அவர் தேத்தண்ணி போடக் குசினிக்குள் போனார். நான் கொட்டகையில் தனியே இருந்தேன். மருந்தில்லாத வெற்றுக் கோது ஒன்றில் அந்த மாதிரிச் சன்னங்களை ஒவ்வொன்றாகச் செருகி, துவக்குக்குள் விட்டு, வளையத்தை மெதுவாக இழுத்துப் பார்த்தேன். முதலாவது நீளம் கூடியது, மேலே எழும்பவே மறுத்தது. இரண்டாவது கட்டை, பாதி வழியிலேயே சரிந்தது. மூன்றின் நுனி தட்டை, ஆனால் விளிம்பு கூர், குழல் வாயில் போய் இடித்தது. நான்கு ஏறியது, ஆனால் லேசாக உரசியது கையில் தெரிந்தது. ஐந்தாவது நுனி தட்டையாக, தோள் உருண்டு சரிந்து இருந்தது. அது வெண்ணெய் போல உள்ளே போனது. ஆறேழு தரம் இழுத்துப் பார்த்தேன். ஒரு பிழையும் இல்லை.

குசினியில் கோப்பைச் சத்தம் கேட்டது. எனக்கு முதலில் வந்தது சந்தோஷமில்லை, பயம். இதைச் சொன்னால் இன்றோடு வேலை முடிந்தது. கை குலுக்கி நன்றி சொல்வார். அடுத்த சனிக்கிழமை நான் மறுபடி அந்தச் சுவருக்கு முன்னால். ஐந்தாவது சன்னத்தைக் கழற்றிப் பெட்டிக்குள் பழையபடி கட்டி வைத்தேன்.

அவர் தேத்தண்ணியுடன் வந்ததும், "ஒழுங்காச் செய்வம். ஒண்டாவதில இருந்து தொடங்குவம். ஒரு அச்சு வார்த்து, அடுத்த கிழமை சுட்டுப் பாத்து, பிறகு மற்றது" என்றேன். எங்கள் தொழிலில் அதுதான் முறை. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். அதைக் கேட்டு அவர் தலையாட்டினார். "உன்னட்டைக் கேட்டது நல்லதாப் போச்சு" என்றார். நல்ல முறையை வைத்துக்கொண்டு ஒரு மனிதனை எவ்வளவு கண்ணியமாக ஏமாற்றலாம் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

அப்படியே நாட்கள் போயின. ஒன்றாம் அச்சு சிக்கியது. இரண்டு சிக்கியது. மூன்று மோசமாகச் சிக்கியது. ஒவ்வொரு தரமும் அவர் கொப்பியில் எழுதிக்கொண்டு, "சரி, அது இல்லை" என்பார். மத்தியானத்தில் கொட்டகை வாசலில் இரண்டு கதிரை போட்டு இருப்போம். அதிகம் பேசமாட்டோம். மனைவி வைத்த எலுமிச்சை மரத்தைப் பற்றிச் சொல்வார். நான் மனதில் வந்ததைச் சொல்வேன். அந்த இரண்டு மாதமும்தான் அந்த வருடத்தில் எனக்கு வாழ்க்கை என்று இருந்தது. கணக்குப்படி ஐந்தாம் அச்சு போட்டிக்கு இரண்டு கிழமைக்கு முன் வரும். ஒருவருக்கும் நட்டமில்லை என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

நான் நினைக்காதது ஒன்று நடந்தது. நான்காவது அச்சின் ரவைகளைச் சுட்டுப் பார்த்த அன்று முப்பதும் சிக்காமல் போயின. அவருக்குத் தாங்க முடியாத சந்தோஷம். "இதுதான். ஐஞ்சு தேவையில்லை" என்றார். அந்தக் கிழமையே இருந்த நல்ல ஈயம் முழுவதையும் நான்காவதில் வார்த்து முடித்துவிட்டார். ஆனால் சுட்டுப் பார்த்த அன்று மழை தூறிய குளிர் நாள். டிசம்பர் வெயிலில் சன்னம் வழுக்கிப் போவதற்காகப் பூசிய மெழுகு இளகி மருந்துக் கரியோடு சேர்ந்தால், அந்தச் சின்ன உரசல் சின்னதாக இருக்காது என்று எனக்குத் தெரியும். ஐந்து இன்னும் நல்லது என்று சொல்லலாம். எப்படித் தெரியும் என்று கேட்பார். அவருடைய முகத்தையும் பார்த்தேன். வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டேன்.

போட்டி நாள் அனல் பறந்தது. நான் வேலியோரம் நின்று பார்த்தேன். அவர் பதற்றமில்லாமல்தான் சுட்டார். ஆறு போயிற்று. ஏழாவதில் வளையம் பாதியில் நின்றது. இழுத்தார், வரவில்லை. இரண்டாம் தரம் இழுக்கவில்லை. துவக்கைக் கவனமாக மேசையில் வைத்துவிட்டுப் பின்னால் வந்து நின்றார். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. ஒருவர் அவருடைய தோளில் தட்டினார். சிரித்திருந்தால் எனக்கு நல்லாயிருந்திருக்கும்.

திரும்பி வரும்போது அவருடைய யூட் வண்டியில் நான்தான் முதலில் பேசினேன். "வாற வருசம் ஐஞ்சாவதைப் போடுவம். கட்டாயம் சரிவரும்."

"வாற வருசம் இல்லை" என்றார். "கிறிஸ்மஸோட வேலையை விடுறன். மகள் குயின்ஸ்லாந்துக்கு வரச் சொல்லிட்டாள். வீடும் வித்தாச்சு. போட்டி முடியச் சொல்லுவம் எண்டு இருந்தனான்."

அதற்கு மேல் வைத்துக்கொண்டிருக்க முடியவில்லை. "ஐஞ்சாவது சரி எண்டு எனக்கு முதலே தெரியும்" என்றேன்.

"எப்ப?"

"ரெண்டாவது சனிக்கிழமை."

அவர் வேகத்தைக் குறைக்கவுமில்லை, கூட்டவுமில்லை. "ஏன்?" என்று கேட்டார்.

"சரிவந்திட்டா நான் வரத் தேவையில்லையே."

செவன் ஹில்ஸில் என் அறைக்கு முன்னால் நிறுத்தி, எஞ்சினை அணைத்தார். "சனிக்கிழமையள் என்னட்டை எத்தினையோ கிடந்தது" என்றார். "கேட்டிருந்தா எல்லாத்தையும் தந்திருப்பன். போட்டி இது ஒண்டுதான் கிடந்தது." அவர் குரலில் கோபம் இருந்தது. எனக்கு அது ஆறுதலாகக்கூட இருந்தது. நான் கதவைத் திறந்து இறங்கினேன். அவர் யன்னலால் எட்டிப் பார்த்து, "வாற சனி வா. செய்ய ஒண்டும் இல்லை. சும்மா வா" என்றார்.

அந்தச் சனிக்கிழமை முழுகி, உடுத்து, ஸ்டேஷன் வரை போனேன். பிளாக்டவுன் ரயில் வந்தது. போய் வாசலில் நின்று என்ன சொல்வது என்று யோசித்தேன். மன்னிப்புக் கேட்பதென்றால் அது ஒரு காரணம். அவரோ ஒரு காரணமும் இல்லாமல் வரச் சொல்லியிருந்தார். இரண்டு ரயிலை விட்டுவிட்டு அறைக்குத் திரும்பினேன்.

அடுத்தது அவருடைய கடைசி வாரம். திங்கட்கிழமை ஒரு துளையிடும் அலகு வாங்க ஸ்டோர் யன்னலுக்குப் போனேன். எடுத்துத் தந்து, கையெழுத்துப் புத்தகத்தை என் பக்கம் திருப்பினார். நான் கையெழுத்துப் போடும் வரை காத்திருந்து, "சனிக்கிழமை ரெண்டு பேருக்குத் தேத்தண்ணி போட்டனான்" என்றார்.