கொல்லையில் வளர்ந்த ஹார்ன்

எனக்குச் சின்ன வயதிலிருந்தே இடி என்றால் பயம். அப்படிப்பட்டவளைப் போய், இடியை வீட்டுக்கே கூட்டிவரத் துடித்த ஒரு மனிதருக்குக் கட்டிவைத்தார்கள்.

என் வீட்டுக்காரர் அரியலூரில் ஒரு டூரிங் டாக்கீஸில் ஆபரேட்டர். படம் ஓட்டுவது, எஞ்சினைக் கிளப்புவது, அறுந்த பிலிமை ஒட்டுவது எல்லாம் அவர்தான். உலகச் சண்டை முடிந்த சமயம் அது. கொட்டகைக்குப் பின்னாலேயே எங்களுக்கு வாடகை வீடு. கொல்லை வேலியும் கொட்டகையின் கீற்றும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும். இரண்டு ஆட்டத்தையும் தினமும் அடுப்படியிலிருந்தே காதால் பார்த்துவிடுவேன்.

ஒரு தடவை திருச்சிக்குப் போய்ப் பெரிய தியேட்டரில் படம் பார்த்துவிட்டு வந்தவர் ஆளே மாறிப்போனார். "அங்க இடி இடிச்சா நெஞ்சுல வந்து இடிக்குது புள்ள. நம்ம கொட்டாயில அப்பளம் பொரியற மாதிரில்ல இருக்கு" என்றார். அதோடு விட்டிருந்தால் தேவலை. யாரிடமோ ஒரு இங்கிலீஷ் புத்தகம் வாங்கி வந்து, அதிலிருந்த படத்தைப் பார்த்துப் பார்த்துக் கொல்லையில் ஒரு ஹார்ன் செய்ய ஆரம்பித்தார்.

ஹார்ன் என்றதும், கல்யாண வீட்டில் மரத்து மேல் கட்டுகிற தகரக் குழாயாக்கும் என்று நினைத்தேன். இது மரத்தாலானது. மாம்பலகையும் தேயிலைப் பெட்டிப் பலகையும் சேர்த்து அறுத்து, வஜ்ஜிரம் காய்ச்சி ஒட்டி, உள்ளே தார் பூசினார். ஒரு முனையில் கை மட்டும் நுழைகிற ஓட்டை. ஸ்பீக்கர் அங்கேதான் உட்காருமாம். அங்கிருந்து வழி உள்ளுக்குள்ளேயே மடங்கி மடங்கி அகலமாகி, மறுபக்கம் ஆள் நுழைகிற அளவுக்கு வாயைத் திறந்துகொண்டு நிற்கும். சின்ன ஓட்டைக்குத் தொண்டை என்று பெயர். மாடு கட்டவேண்டிய இடத்தில் அது நின்றது. விளக்கு வைத்த பிறகு நான் கொல்லைப்பக்கம் போவதையே விட்டுவிட்டேன்.

எனக்கு நாள் தள்ளிப்போனதும் அவர் முதல் பலகையை அறுத்ததும் ஒரே சமயம். என் வயிறும் அதுவும் சேர்ந்தேதான் வளர்ந்தன. வஜ்ஜிரம் கொதிக்கிற நாற்றத்துக்கு நான் வாசலில் உட்கார்ந்து வாந்தி எடுப்பேன். "இதோ, ஆச்சு ஆச்சு" என்பார். அவருக்கு எல்லாமே 'இதோ, ஆச்சு'தான்.

இதற்கு முன் எனக்கு இரண்டு தங்கவில்லை. இரண்டுமே ஏழாம் மாதத்தில் போயின. முதலாவது ஆண். இரண்டாவது என்னவென்று என்னிடம் யாரும் சொல்லவே இல்லை, நானும் கேட்கவில்லை. இதுவும் போய்விடுமோ என்ற பயம் என்னோடு எழுந்து, என்னோடு சாப்பிட்டு, என்னோடு படுத்தது.

ஒருநாள் பலகையை இழைத்துக்கொண்டே எனக்குப் பாடம் எடுத்தார். "சத்தம் குறுகலான எடத்துலதான் பொறக்குது. அங்கேருந்து கொஞ்சங் கொஞ்சமா அகலத்துக்குக் கூட்டியாரணும். அவசரப்பட்டு வெளிய தள்ளிட்டோம்னா அது செத்துப்போயிடும் புள்ள." என்ன சொல்கிறோம் என்று அவருக்குத் தெரியவில்லை. நான் உள்ளே போய்ச் சுவரோரமாக உட்கார்ந்துகொண்டேன்.

வளைகாப்புக்கு முதல் நாள் குன்னம் பக்கத்திலிருந்து அம்மா வந்தாள். அந்த நேரம் பார்த்து இவர் ஹார்னின் வாயைக் கோணியால் மூடி, உள்ளே சாம்பிராணி போட்டிருந்தார். எந்த இடுக்கில் புகை வருகிறதோ அங்கே காற்று ஒழுகுகிறது என்று அர்த்தமாம். நாலா பக்கமும் புகை கசிய அது நின்ற கோலத்தைப் பார்த்து அம்மா வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"ஏண்டி, பேய் ஓட்டுறாங்களா?"

அம்மா என் வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை பேசினதில்லை. அந்தக் காலத்தில் மாமியார் மருமகனுக்கு எதிரே நிற்கவே மாட்டாள். கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு என்னிடம் சொல்வாள், அவருக்குக் கேட்கும். அவரும் என்னைப் பார்த்தே பதில் சொல்வார். நடுவில் நான் தபால்காரி.

அன்றைக்கும் கதவுக்குப் பின்னாலிருந்துதான் ஆரம்பித்தாள். "மாசமா இருக்கறவ இடிச்சத்தமே கேக்கக் கூடாதும்பாங்க. வேட்டு போட்டா காதப் பொத்துவாங்க. ரெண்டு பறிகொடுத்த வவுத்துக்குப் பக்கத்துல இத வெச்சிருக்காங்களே, அவங்ககிட்ட கேளுடி, இது நல்லா இருக்கான்னு."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "நாளைக்கு நீங்கல்லாம் கெளம்பினப்புறந்தான் போட்டுப் பாப்பேன்னு சொல்லு" என்றார். அன்று சாயங்காலமே வேலியைப் பிரித்து, நாலு ஆள் பிடித்து, ஹார்னைக் கொட்டகைக்குள் இறக்கிவிட்டார்கள். கொல்லை வெறிச்சென்று ஆனது. எனக்கு மட்டும் அது இன்னும் அங்கேயே நிற்கிற மாதிரி இருந்தது.

அன்று படுத்தபோதுதான் கவனித்தேன். குழந்தை அசையவில்லை.

ஒருக்களித்துப் படுத்தேன். தண்ணீர் குடித்தேன். வயிற்றில் கையை வைத்துக்கொண்டு காத்திருந்தேன். விடிந்தும் ஒன்றுமில்லை. முன்னே இரண்டு தடவையும் இப்படித்தான், முதலில் ஓய்ந்துபோனது. அம்மாவிடம் சொல்ல வாய் வரவில்லை. சொல்லிவிட்டால் அது நிஜமாகிவிடும் என்று பயந்தேன். தெருப் பெண்கள் கன்னத்தில் சந்தனம் பூசி, இரண்டு கையிலும் கண்ணாடி வளையலை அடுக்கினார்கள். "வளையல் சத்தத்த உள்ள இருக்கற புள்ள கேக்கும், கையை ஆட்டிக்கிட்டே இரு" என்றாள் ஒருத்தி. நான் சிரித்தபடி கையை ஆட்டினேன். கேட்க உள்ளே யாராவது இருக்கிறார்களா என்று எனக்குத் தெரியவில்லை.

அன்று வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு ராகுகாலம் பிறப்பதற்குள் அம்மா வீட்டுக்குக் கிளம்பிவிட வேண்டும் என்று ஏற்பாடு. வாசலில் கூண்டு வண்டி பூட்டியாயிற்று. அவர் வந்து, "பாத்துப் போயிட்டு வா புள்ள" என்று சொல்லிவிட்டுக் கொட்டகைக்கு ஓடினார். நிற்க நேரமில்லை அவருக்கு. இங்கே அம்மா ஒவ்வொருத்திக்கும் வெற்றிலை பாக்கு கொடுத்து, ஒவ்வொருத்தியிடமும் ஒரு கதை பேசி முடிப்பதற்குள் ராகுகாலம் பிறந்துவிட்டது. புள்ளத்தாச்சியை ராகுகாலத்தில் வண்டி ஏற்றுவதாவது! வண்டிக்காரர் மாட்டை அவிழ்த்து, தண்ணீர் காட்டத் தெருக்கோடிக்கு ஓட்டிக்கொண்டு போனார். பெண்களும் அவரவர் வீட்டுக்குப் போய்விட்டார்கள். நானும் அம்மாவும் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம்.

நாங்கள் போய்விட்டோம் என்றே அவர் நினைத்திருக்கிறார்.

ராகுகாலம் முடியப்போகிற நேரத்தில் கொட்டகையில் எஞ்சின் கிளம்புகிற சத்தம் கேட்டது. அம்மா, "அய்யய்யோ, போடப் போறாங்கடி!" என்று தலையணையைக் கிழித்துப் பஞ்சை எடுத்து என் இரண்டு காதிலும் திணித்தாள். மேலே தன் கையையும் வைத்துப் பொத்தினாள்.

காதைப் பொத்தி என்ன பிரயோசனம்? அது காது வழியாக வரவே இல்லை. தரையிலிருந்து வந்தது. முதலில் உள்ளங்காலில், பிறகு இடுப்பில், அப்புறம் நெஞ்சுக்குள். பெரிய மாடு ஒன்று தரைக்கு அடியில் முனகுகிற மாதிரி. பிற்பாடு சொன்னார், படம் ஒன்றும் போடவில்லை, சத்தம் வருகிறதா என்று பார்க்க ஆம்ப்ளிபயரில் ஒரு வால்வின் தலையில் விரலை வைத்தாராம், அதற்கே அந்த முனகல். சொம்புத் தண்ணீர் வட்டம் வட்டமாக நடுங்கியது. கூரையிலிருந்து தூசி கொட்டியது. நான் மடியில் அசையாமல் வைத்திருந்த கைகளில் வளையல்கள் தாமாகக் கலகலவென்று ஆடின. போச்சு, எல்லாம் போச்சு என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

உள்ளே ஒரு உதை.

விலா எலும்புக்குக் கீழே, ஓங்கி. பிறகு இன்னொன்று. பிறகு மொத்த வயிறும் ஒருபக்கமாகப் புரண்டது. நான் 'ஓ'வென்று அலறிவிட்டேன்.

அதற்குள் சத்தம் நின்றிருந்தது. அம்மா, "பாவி மனுசன், பாவி மனுசன்" என்று எழுந்தாள். அவள் புடவையைப் பிடித்து இழுத்தேன். பஞ்சைப் பிடுங்கிப் போட்டேன். "ஒதைக்கிதும்மா! நேத்து ராத்திரிலேர்ந்து அசையவே இல்லம்மா... இப்பத்தான் ஒதைக்கிது!"

அம்மா என் முகத்தையே பார்த்தாள். நேற்று ராத்திரியிலிருந்து நான் எதைச் சுமந்துகொண்டு சிரித்தேன் என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. குனிந்து வயிற்றில் கையை வைத்தாள். அதற்குள் அது மறுபடி அமைதியாகிவிட்டது.

என் அலறல் கேட்டு அவர் வேலியின் இடைவெளியில் புகுந்து ஓடிவந்தார். கையெல்லாம் எண்ணெய். எங்களைப் பார்த்ததும் பேய் அறைந்தவர் போலக் கொல்லை வாசற்படியிலேயே நின்றுவிட்டார். "நீ... நீங்க போவலியா?" என்றார். அவரும் இரண்டு தடவை பார்த்தவர்தானே.

அம்மா எழுந்தாள். கதவுக்குப் பின்னால் போகவில்லை. தலைப்பைக்கூட இழுத்துவிட்டுக்கொள்ளாமல், எங்களுக்குக் கல்யாணமான மூன்றரை வருஷத்தில் முதல்முறையாக, அவர் முகத்துக்கு நேராகப் பார்த்துப் பேசினாள்.

"மாப்ள, இன்னொரு தடவ போடுங்க."

அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். வந்த வழியே ஓடினார்.

தெருவில் வண்டிக்காரர், "ராவுகாலம் போயிடுச்சுங்க, பூட்டட்டுமா?" என்று குரல் கொடுத்தார்.

"செத்த நேரம் சும்மா இருய்யா" என்றாள் அம்மா. என் பக்கத்தில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, இரண்டு உள்ளங்கையையும் என் வயிற்றில் அழுத்தி வைத்துக்கொண்டாள். இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு, தரை மறுபடி முனகுவதற்காகக் காத்திருந்தோம்.