இறக்கக் கூடாத எடைகள்

மாரிராஜ் சாரை நல்ல மனுஷன் என்று எல்லோரும் சொல்வார்கள். நல்ல மனுஷன்தான், யார் இல்லையென்றது? அதை வைத்துக்கொண்டு என்ன கண்டார்? சங்கரன்கோவிலுக்கு வெளியே ஒரு தனியார் கல்லூரியில் இயற்பியல் நடத்தினார். நான் அங்கே லேப் அசிஸ்டென்ட், பெயர் கண்ணன்.

சார் விசைத்தறி ஓட்டியவர் மகன். பாலியஸ்டர் நூல் ஏன் அறுகிறது என்று ஓயாமல் கேட்டுச் சின்ன வயதில் அப்பாவிடம் அடிவாங்கினாராம். அந்தக் கேள்வியைத்தான் கடைசியில் பிஎச்.டி.யாக எடுத்துக்கொண்டார். நைலான், பாலியஸ்டர் மாதிரிப் பாலிமர் நூலில் எடையைத் தொங்கவிட்டால், அறுவதற்கு முன்னால் வருஷக்கணக்கில் மெல்ல மெல்ல நீளும். ஸ்டோர் ரூமில் நாற்பது நூலைக் கட்டி, நுனியில் பித்தளை எடைகளைத் தொங்கவிட்டு, வாரம் தவறாமல் அளந்தார். ஊரடங்கு சமயத்தில் போலீஸ்காரன் முழங்காலில் லத்தியால் போட்டான். அன்றைக்கும் நொண்டிக்கொண்டே வந்து அளந்தார். கிறுக்கு மனுஷன்!

ஐந்து வருஷம் ஓடிவிட்டது. பதிவுக்காலம் டிசம்பரில் முடிகிறது, இனி நீட்டிப்பு கிடையாது. பிஎச்.டி. இல்லையென்றால் வேலையும் இல்லை என்று செயலாளர் துரைப்பாண்டி அண்ணாச்சி முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்.

ஆயுத பூஜைக்கு லேப் சாமான்களையெல்லாம் கழுவிப் பொட்டு வைப்பது எங்கள் வழக்கம். சார் மட்டும் வருஷா வருஷம் ஸ்டோர் ரூமைப் பூட்டி, கதவுக்குப் பொட்டு வைத்துவிட்டுப் போய்விடுவார். அந்த வருஷம் பூஜைக்கு முந்தின நாள் அவர் மாமனார் இறந்துபோனார். கரிவலம்வந்தநல்லூர் புறப்பட்டவர் சாவியை என் கையில் கொடுத்தார்.

"யாரு கேட்டாலும் தொறக்காதீரும் வே. எடைய எறக்குனா நூல் சுருங்கிரும். அஞ்சு வருஷமும் அத்தோட போச்சு."

மத்தியானம் அண்ணாச்சி வந்தார். "ஏலே கண்ணா, அந்த ரூம் மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு? ஒரு சாமான் விடாம வெளக்கச் சொல்லு."

நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் கேட்கிற ஆள்தான். பயத்தில் வாயைத் திறக்கவில்லை என்று சொன்னால் அது பாதிப் பொய். இருபத்திரண்டு வருஷமாகக் குடுவை கழுவுகிறேன். இவர் மட்டும் டாக்டர் ஆகப்போகிறாரா? எனக்கு வயிறு எரிந்தது. துப்புரவு வேலை பார்க்கும் சுப்புத்தாயைக் கூப்பிட்டுச் சாவியைக் கொடுத்தேன்.

பாவி மகள், என்ன சுத்தமாகச் செய்தாள்! நாற்பது எடையையும் கழற்றி, புளி போட்டுத் தேய்த்து, சந்தனம் குங்குமம் வைத்துச் சாமி முன்னால் அடுக்கினாள். மறுநாள் பெரிசு சிறிசு பார்த்து, வரிசையாகத் திரும்பவும் தொங்கவிட்டாள்.

நான்கு நாள் கழித்து வந்த சார், கதவைத் திறந்து, எடைகளின் பளபளப்பையும் பொட்டையும் பார்த்ததும் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அண்ணாச்சி அறையில் விசாரணை. "கண்ணன் சார்தான் சாவி குடுத்தாவ, சத்தியமா" என்று சுப்புத்தாய் கும்பிட்டாள்.

"பொய் சொல்லுதா அண்ணாச்சி. எம் மேசையில இருந்து இவளே எடுத்திருக்கா" என்றேன்.

ஒரு சாமான் விடாமல் விளக்கச் சொன்னதே தான்தான் என்பதை அண்ணாச்சி வெளியே விடவில்லை; பழி அவளோடு போகட்டும் என்று அன்றைக்கே அவளை வேலையை விட்டு அனுப்பிவிட்டார். யாரையும் மரியாதை குறைத்துப் பேசாத மாரிராஜ் சார், "நீ வெளங்குவியாட்டி?" என்று அவளைப் பார்த்துக் கத்தினார்.

மிச்ச அளவுகளைக் குத்துமதிப்பாக எழுதிக் கொடுத்துவிடுங்கள் என்று நானே அவருக்கு யோசனை சொன்னேன். "நான் அளக்காதத எப்படி வே எழுதுவேன்?" என்று மறுத்துவிட்டார். டிசம்பரில் பதிவு ரத்தானது. ஜூனில் வேலையும் போனது. இப்போது பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறார். கல்லூரியிலிருந்து அவரைத் தேடிப் போகிற ஒரே ஆள் நான்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை போயிருந்தேன். கோவில் வாசலில் சுப்புத்தாய் அவர் காலில் விழுந்து, சாவியை நான் எடுக்கவில்லை சார் என்று அழுதாளாம். அவள் கையை உதறிவிட்டு வந்தாராம்.

"இன்னுமா சார் அதே பொய்யச் சொல்லுதா?" என்றேன்.