தலைவரும் தண்ணி லாரிக்காரனும்

திருவொற்றியூரில் ஒரு தெருவின் நலச்சங்கத் தலைவர் வல்லரசு. சொன்ன நாளில் தண்ணீர் லாரி அனுப்பாத முதலாளியும் அவரேதான். டிரைவரை மட்டுமே பார்த்திருக்கும் தெருவுக்கு அது தெரியாது. எல்லார் போனிலும் லாரிக்கென்று அவர் வைத்திருந்த தனி நம்பர் வெறும் ‘தண்ணி லாரி’. இரண்டு பெயரும் ஒரே ஆளைத்தான் சுட்டின. ஆனாலும் ஒன்றுக்கு மாலை, மற்றதற்கு வசவு. அந்த வசவுக்கும் அவரே தலைமை தாங்குவார்.

சங்கக் கூட்டத்தில், "அந்த லாரிக்காரன நான் வுடமாட்டேன்!" என்று முழங்கினார். பொறுமையிழந்த கெங்கம்மா உட்கார்ந்த இடத்திலிருந்தே ‘தண்ணி லாரி’க்குப் போன் போட்டாள். தலைவரின் சட்டைப்பையில் மணி அடித்தது. அசருவாரா அவர்?

"அவனேதான் கூப்புடுறான்!" என்று சபைக்கு அறிவித்துவிட்டு, போனை எடுத்து அதட்டினார்: "யோவ், தண்ணி இன்னாய்யா ஆச்சி?"

தன் போனில் அதைக் கேட்ட கெங்கம்மா சொன்னாள்: "அதத்தாண்டா நானும் கேட்டுகினு கீறேன்!"