பன்யாயா தோட்டத்தில் அஷ்டமி

2006-ஆம் ஆண்டு, துர்க்கா பூஜை விடுமுறை. பஞ்சமியன்று மாலை டாலிகஞ்சிலிருந்து டம்டம் விமான நிலையத்துக்குப் புறப்பட்டோம். எங்கள் காலனிப் பந்தலில் விளக்குச் சரம் கட்டிக்கொண்டிருந்தார்கள். பூஜை வந்தால் கல்கத்தாவில் பாதிப் பேர் பந்தல் பந்தலாகச் சுற்றுவார்கள், மீதிப் பேர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியூர் போய்விடுவார்கள். இந்த முறை நானும் மீதிப் பேரில் சேர்ந்துகொண்டேன்.

நான் அதிகம் பேசுகிறவள் இல்லை. என் கணவருக்குக் கார்டன் ரீச்சில் ரயில்வே ஆபீஸ் வேலை. அவருடைய பாஸில் மதுரைக்குப் போய்த் திரும்புவதுதான் இத்தனை வருடமும் என் பயணம். இத்தாலிக்குப் போகிற ஆளா நான்? மாடி வீட்டு ஷீலா பௌதிக்காகப் போனேன். பௌதி என்றால் வங்காளத்தில் அண்ணி. அவருடைய ஒரே மகள் ஜும்பா, ஜாதவ்பூரில் படித்தவள், வீட்டுக்குச் சொல்லாமல் பாவ்லோ என்ற இத்தாலியரைக் கல்யாணம் செய்துகொண்டு சில வருடங்களாக அங்கேயே இருக்கிறாள். அன்றிலிருந்து பௌதியின் கணவர் அமல்தா (தா, தாதா என்றால் அண்ணன்) அவள் பேரைக்கூடச் சொல்வதில்லை. வீட்டிலும் யாரும் சொல்லக் கூடாது.

ஒரு நாள் மொட்டை மாடியில் துணி உலர்த்தும்போது பௌதி சொன்னார்: "நம்ம பக்கத்து டூர்க்காரங்க இத்தாலியில தோட்டம் தோட்டமா காட்டப் போறாங்களாம். அதுல ஒரு தோட்டம் ஜும்பா ஊருக்குப் பக்கத்துல இருக்கு. நீ வந்தா என்னை விடுவார். தனியா விடமாட்டார்." எங்கள் பேச்சு எல்லாம் வங்காளத்தில்தான். இங்கே தமிழில் எழுதுகிறேன்.

விமான நிலையத்தில் அமல்தா என்னிடம்தான் சொன்னார். "குரூப்பை விட்டு ஓர் அடி நகரக் கூடாது. உங்களை நம்பித்தான் அனுப்பறேன்." நான் தலையை ஆட்டினேன். என்னவர் என் காதருகே, "எதுக்கு இப்படித் திருதிருன்னு முழிக்கிற? போய்ட்டு வா. போன் பண்ணு" என்றார்.

சஷ்டியன்று பிற்பகல் ரோமில் இறங்கினோம். எங்கள் குழுவுக்குத் தலைவர் தாபஸ் என்ற இளைஞர். கூடவே ஒரு சமையல்காரர், இரண்டு பிரஷர் குக்கர், ஒரு மூட்டை பொரி. வங்காளி டூர் என்றால் அப்படித்தான். விமானத்திலிருந்து இறங்கியதும் பாதிப் பேர் குரங்குக் குல்லாயை மாட்டிக்கொண்டார்கள். குளிரே இல்லை. ரோமில் காப்பி நின்று குடித்தால் ஒரு விலை, உட்கார்ந்து குடித்தால் வேறு விலை. அதைக் கேட்டதிலிருந்து குழுவில் ஒருவரும் உட்காரவில்லை.

சப்தமி காலை பஸ்ஸில் திவோலி போனோம். ரோமிலிருந்து கிழக்கே முப்பது கிலோமீட்டர். வில்லா என்றால் நாம் பெரிய வீடு என்று நினைத்துக்கொள்கிறோம். இங்கே வீடும் தோட்டமும் சேர்ந்துதான் வில்லா. பார்க்கப் போனால் வீடு தோட்டத்துக்கு ஒரு வாசற்படி மாதிரி. கூடம் கூடமாகச் சுவரோவியங்களைக் கடந்து ஒரு மாடத்துக்கு வந்தால், காலடியில் குன்று முழுவதும் படிப்படியாகச் சரிந்து இறங்குகிறது. அந்தச் சரிவெங்கும் தண்ணீர். ஒரு நடைபாதையின் ஓரத்தில் வரிசையாகச் சிறு குழாய்கள், பாசி படிந்த கல் முகங்களின் வாயிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டே இருக்கிறது. கீழே குளங்கள். சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதும் கேட்காது.

"இதுக்கெல்லாம் பம்பு எங்கே வெச்சிருக்காங்க?" என்று சமையல்காரர் கேட்டார்.

"பம்பே கிடையாது. நானூறு வருஷத்துக்கு முன்னாடியே ஆத்தைத் திருப்பி மேலேருந்து விட்டிருக்காங்க. சரிவுதான் வேலை செய்யுது" என்றார் தாபஸ்.

"நானூறு வருஷத்துக்கு மேலேயா? நம்ம காலனி பம்பு நாலு மாசம் ஓடலையே!"

எல்லோரும் சிரித்தார்கள். பௌதி சிரிக்கவில்லை. சுற்றியிருந்த தண்ணீரை அவர் பார்த்ததாகவே தெரியவில்லை. மறுநாள் பன்யாயா, ஜும்பா ஊருக்குப் பக்கத்துத் தோட்டம். காலை பதினொரு மணிக்குத் தோட்டத்து வாசலில் நிற்பதாக ஜும்பா சொல்லியிருந்தாள். தெருமுனை பூத்திலிருந்து பௌதி பேசிய ஒரே ஒரு போனில் சொன்னது. "வரலைன்னா?" என்று இரண்டு முறை என்னிடம் கேட்டார். "வந்துட்டா நான் என்ன பேசுவேன்?" என்று ஒரு முறை கேட்டார்.

அஷ்டமி. பஸ் வடக்கே நூறு கிலோமீட்டர் போயிற்று. ஆலிவ் மரங்கள், ஹேஸல் கொட்டைத் தோப்புகள், மலைமேல் ஒட்டிக்கொண்டிருக்கும் கல் ஊர்கள். வித்தெர்போ என்ற நகரத்தைத் தாண்டி ஐந்து கிலோமீட்டரில் பன்யாயா. நுழைவுச்சீட்டு இரண்டு யூரோ. பௌதி காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. அஷ்டமியன்று புஷ்பாஞ்சலி முடித்த பிறகுதான் சாப்பாடு. கைப்பையில் சின்ன துர்க்கை படம் வைத்திருந்தார். வாசலில் ஜும்பா இல்லை. பதினொன்று ஆயிற்று, பதினொன்றரை ஆயிற்று. தாபஸ் மற்றவர்களை அழைத்துக்கொண்டு மேல் தளத்துக்குப் போய்விட்டார்.

"வா, உள்ளே இருப்போம். புஷ்பாஞ்சலியாவது கொடுத்துடறேன்" என்றார் பௌதி.

போப்பாண்டவருக்கு அடுத்த படியிலிருந்த ஒரு கார்டினலுக்காகப் போட்ட தோட்டம் அது. மாளிகை என்று ஒன்று இல்லை. ஒரே அச்சில் வார்த்த மாதிரி இரண்டு சிறிய வீடுகள் இடமும் வலமும் ஒதுங்கி நிற்க, நடுவில் தண்ணீருக்கு வழி விட்டிருக்கிறார்கள். உச்சியில் ஒரு குகையில் பிறக்கும் தண்ணீர், கல்லில் சங்கிலி போலச் செதுக்கிய வாய்க்காலில் சுருண்டு இறங்கி, ஒரு நீளமான கல் மேசையின் நடுவே ஓடி, கடைசியில் கீழே சதுரக் குளங்களில் அசையாமல் படுத்துவிடுகிறது. அந்த மேசையில் கார்டினல் விருந்து வைப்பாராம். ஓடும் தண்ணீரில் பழங்களைக் குளிர வைப்பார்களாம். குளத்தைச் சுற்றிக் கத்தரித்த பசும்புதர்கள், தொட்டிகளில் எலுமிச்சை. எங்கும் பச்சை, கல், தண்ணீர். இத்தனை பெரிய தோட்டத்தில் பூ மட்டும் இல்லை! அந்தக் காலத்து இத்தாலியத் தோட்டத்தில் பூவுக்கு அவ்வளவு முக்கியம் கிடையாது என்று தாபஸ் பஸ்ஸிலேயே சொல்லியிருந்தார். பூவில்லாமல் தோட்டமா என்று அப்போது நாங்கள் நம்பவில்லை.

தேடித் தேடி, ஓர் ஊற்றுக்குப் பக்கத்தில் கொத்துக் கொத்தாக நீலமும் வெளிறிய சிவப்புமாக ஒரு பூவைப் பௌதி கண்டுபிடித்தார். பெயர் தெரியவில்லை. என் கையில் பிளாஸ்டிக் பையைக் கொடுத்துவிட்டுப் பறிக்க ஆரம்பித்தார்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். எங்கள் காலனியில் விடியற்காலையில் நடக்கப் போகிறவர்கள் எல்லோர் கையிலும் ஒரு பை இருக்கும். யார் வீட்டுச் செம்பருத்தி சுவருக்கு வெளியே எட்டிப் பார்த்தாலும் பைக்குள் வந்துவிடும். சாமிக்குப் பறித்தால் அதை யாரும் தவறு என்று சொல்வதில்லை. வெள்ளிக்கிழமைகளில் நானும் பறிப்பேன். ஆகவே அந்த நேரத்தில் எனக்கும் ஒன்றும் உறுத்தவில்லை.

"சிஞோரா! சிஞோரா!"

சீருடை அணிந்த காவல்காரப் பெண் ஒருவர் ஓடி வந்தார். மூச்சு விடாமல் இத்தாலிய மொழியில் பேசினார். பூவைக் காட்டினார், பையைக் காட்டினார், வாசலைக் காட்டினார். நான் பையை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன். பௌதி கொஞ்சமும் அசராமல் வங்காளத்தில், "பூஜைக்கும்மா. நாலு பூ. அஷ்டமி இல்லையா இன்னிக்கு?" என்றார். அந்தப் பெண் இன்னும் சத்தம் போட்டார். எங்களை வெளியே அனுப்பிவிட்டால், தாமதமாக வரும் மகள் உள்ளே தேடிவிட்டுப் போய்விடுவாளே என்றுதான் என் பயம்.

அப்போது படிக்கட்டிலிருந்து வேறு ஒரு குரல் இத்தாலிய மொழியில் கேட்டது. ஜீன்ஸும் சட்டையும் போட்ட பெண், முடியைக் கழுத்துக்கு மேலே வெட்டியிருந்தாள். காவல்காரப் பெண்ணிடம் கையைக் குவித்து என்னவோ மன்றாடினாள். பிறகு இந்தப் பக்கம் திரும்பினாள்.

"மா! இங்கேயும் ஆரம்பிச்சுட்டியா? இதென்ன டாலிகஞ்சா?"

பௌதி அவளை ஏற இறங்கப் பார்த்தார். "முடியை ஏன் இப்படி வெட்டியிருக்கே?"

இத்தனை வருடத்துக்குப் பிறகு தாயும் மகளும் நேரில் பேசிய முதல் பேச்சு இதுதான். காவல்காரப் பெண் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். முகச் சாயல் சொல்லியிருக்கும். ஏதோ கேட்டார், ஜும்பா பதில் சொன்னாள். அவர் குரல் இறங்கிவிட்டது.

"இன்னொரு பூவைத் தொட்டா வெளியே அனுப்பிடுவாங்களாம். பறிச்சதை இனிமே செடியில ஒட்டவா முடியும், சீக்கிரம் முடிச்சுக்கோங்கன்னு சொல்றாங்க" என்றாள் ஜும்பா. "டயர் பஞ்சர் ஆயிடுச்சும்மா. அதான் லேட்டு."

கல் மேசைக்குச் சற்றுத் தள்ளி ஒரு திண்டின்மேல் பௌதி துர்க்கை படத்தை வைத்தார். என் கையில் பூ வைத்தார். ஜும்பா கையில் வைத்தார். பிறகு தலையைத் தூக்கிப் பார்த்தார். படிக்கட்டின் அடியில், எலுமிச்சைத் தொட்டிக்குப் பக்கத்தில், கார் சாவியை உருட்டியபடி நெட்டையாக ஒருவர் நின்றுகொண்டிருந்தார். கிட்ட வரலாமா கூடாதா என்று தெரியாமல் நிற்கிற நிலை எனக்கு நன்றாகப் புரியும். நானே பல வீட்டு விசேஷங்களில் அப்படி நின்றிருக்கிறேன்.

"அவன் ஏன் தூண் மாதிரி நிக்கிறான்?" என்றார் பௌதி. "கையைக் கழுவிட்டு வரச் சொல்லு."

பாவ்லோ ஒரே ஓட்டமாக வந்து கார்டினலின் மேசைத் தண்ணீரில் கையை விட்டார். "நோ, நோ!" என்று காவல்காரப் பெண் மறுபடி கத்தினார். கடைசியில் என் பாட்டில் தண்ணீரை ஊற்றினேன். பௌதி மந்திரம் சொல்ல, பாவ்லோ பிழை பிழையாகத் திருப்பிச் சொன்னார். பூவை ஒன்று விடாமல் பையில் பொறுக்கிக்கொண்டோம். பௌதி அழுதது அதற்குப் பிறகுதான்.

அவர்கள் வீடு வித்தெர்போவில். ஓர் இரவாவது வா என்று ஜும்பா கெஞ்சினாள். பௌதி என்னைப் பார்த்தார். அமல்தாவுக்கு நான் தலையாட்டியது எனக்கு நினைவில்லாமலா? "போய்ட்டு வாங்க பௌதி" என்றேன். தாபஸ் முதலில் முகத்தைச் சுளித்தார், பிறகு, "நாளைக்கு ராத்திரி சாப்பாட்டுக்கு ரோம் ஹோட்டல்ல இருக்கணும். இல்லேன்னா நான் செத்தேன்" என்றார்.

நவமியன்று பக்கத்துச் சீட்டு காலியாக இருக்க, காப்ரரோலா ஊர் மாளிகையைப் பார்த்தேன். வித்தெர்போவிலிருந்து இருபது கிலோமீட்டர் இருக்கும். ஐந்து மூலைக் கோட்டை போல வெளியே. உள்ளே வட்டமான முற்றம். சுருண்டு ஏறும் மாடிப்படியில் ஒவ்வொரு படியும் அவ்வளவு தாழ்வு. அந்தக் காலத்தில் குதிரையே ஏறுமாம். பின்புறக் காட்டுவழியில் நடந்து போனால் மரங்களுக்கு நடுவே ஒரு சின்னத் தோட்ட வீடு. பெரிய மாளிகையைக் கட்டியவர் அதை விட்டு ஒளிந்துகொள்ள இதைக் கட்டினாரோ என்று தோன்றியது. எனக்கு அதுதான் பிடித்தது.

இருட்டும் முன்பே பௌதி ஹோட்டலுக்கு வந்துவிட்டார். "சமையலறை நம்ம குளியலறை அளவுதான் இருக்கு. ஆனா சுத்தம். பாகற்காய் இல்லாம ஏதோ கீரை போட்டு ஷுக்தோக் கூட்டு பண்ணேன். அந்தப் பையன் மூணு தடவை வாங்கிச் சாப்பிட்டான். பொய்தான், அது வாயில வைக்க முடியல." சிரித்தார். பிறகு மெதுவாக, "அவர்கிட்ட நீ சொல்லு. நான் சொன்னா சண்டையாத்தான் முடியும். நீ பேசாத ஆளு, நீ சொன்னா காது கொடுத்துக் கேப்பார்" என்றார்.

மீதி நாட்கள் ஃப்ளோரன்ஸ் பக்கத்துத் தோட்டங்களில் போயின. நான் பார்த்ததைவிட, சொல்லவேண்டிய வாக்கியத்தை மனதுக்குள் ஒத்திகை பார்த்ததுதான் அதிகம். அழகான தோட்டங்கள். ஒரு செடிகூட தன் இஷ்டத்துக்கு வளரவில்லை. எங்கள் காலனியில் பூசணிக்கொடி ஜன்னல் வழியாக வீட்டுக்குள்ளேயே வந்துவிடும். இரண்டில் எது நல்லது என்று சொல்லத் தெரியவில்லை.

டம்டமில் இறங்கும்போது பூஜை முடிந்து தெருவெல்லாம் அவிழ்த்த மூங்கில்கள். அமல்தா வெளியே நின்றிருந்தார். டிராலியை வாங்கித் தள்ளிக்கொண்டே, "தோட்டமெல்லாம் எப்படி இருந்தது?" என்று என்னைக் கேட்டார்.

ஒத்திகை எல்லாம் மறந்துவிட்டது. "உங்க பொண்ணு நல்லா இருக்கா தாதா" என்றேன். "மாப்பிள்ளையும் நல்ல மாதிரி. நான்தான் பௌதியை அனுப்பி வெச்சேன்."

டிராலி நிற்கவில்லை. டாக்ஸி வரிசை வரைக்கும் வேகமாகத் தள்ளிக்கொண்டு போனார். பௌதி என் முழங்கையைப் பிடித்திருந்த பிடி வலித்தது. டாக்ஸிக்காரர் பெட்டிகளை டிக்கியில் ஏற்றி மூடினார். அமல்தா முன் சீட்டில் உட்கார்ந்தார். கார் விஐபி ரோட்டில் திரும்பிய பிறகு, கண்ணாடியைப் பார்த்தபடியே கேட்டார்:

"அங்கே இப்ப மணி என்ன?"