அலசாத கண்ணாடி

ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு ஆவியம்மா என்று பெயர். கொதிக்கும் தண்ணீருக்கு மேல் கண்ணாடியைப் பிடித்து, ஆவி படர்ந்து மங்குகிறதா என்று பார்ப்பதே பன்னிரண்டு வருடப் பிழைப்பு என்றால் வேறென்ன பெயர் வைப்பார்கள்? பேய்க்குக்கூட இவளைக் கண்டால் பொறாமை என்று கூட வேலை செய்பவர்கள் கேலி செய்வார்கள்.

தொழிலாளர்கள் அணியும் பாதுகாப்புக் கண்ணாடிக்கு அவள் ஒரு பூச்சு உருவாக்கியிருந்தாள். ஈரம் முத்து முத்தாக நிற்காமல் மெல்லிய படலமாகப் பரவிவிடும், பார்வை மறையாது. முதல் நாள் இந்த வித்தையை எந்தப் பூச்சும் காட்டும். ஐம்பது முறை சோப்புப் போட்டுக் கழுவிய பிறகும் காட்டுகிறதா என்பதில்தான் சங்கதி. அவளுடையது காட்டியது. மேலதிகாரி கைகுலுக்கினார், சரக்கு கிளம்பியது.

சில மாதம் கழித்து, ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகப் பூச்சே இல்லாத வெறும் கண்ணாடி ஒன்றைச் சோப்புத் தண்ணீரில் முக்கி, அப்படியே ஆவியில் காட்டினாள். அதுவும் பளிச்சென்று இருந்தது. சோப்பு ஒட்டியிருந்தால் எந்தக் கண்ணாடியும் கொஞ்ச நேரம் மங்காது. முதல் சோதனையின்போது, அன்று மாலைக்குள் அறிக்கை வேண்டும் என்ற அவசரத்தில் கடைசி அலசலை அவள் விட்டிருந்தாள். தேறியது பூச்சு அல்ல, சோப்பு. இந்த முறை நன்றாக அலசிப் பார்த்தாள். இருபதாவது கழுவலிலேயே பூச்சு போய்விட்டது.

உடனே சொல்லியிருக்க வேண்டும். இன்றைக்கு, நாளைக்கு என்று ஆறு வாரம் ஓட்டினாள். மேலதிகாரி பாராட்டும்போதெல்லாம் திருடனுக்குத் தேள் கொட்டியதுபோல விழித்தாள்.

ஆறாவது வாரம் அவளுடைய தம்பிக்கு அடிபட்டது. அவனுக்குக் குளிர்கிடங்கில் வேலை. உறைகுளிரிலிருந்து கழுவுமிடத்துக்கு வந்ததும், அவள் பூச்சு போட்ட கண்ணாடி மங்கியிருக்கிறது. நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டான். தரை கழுவும் மருந்து தெறித்து வலது கண்ணில் பட்டுவிட்டது.

மருத்துவமனைக் கட்டிலில் ஒற்றைக் கண்ணால் அவளைப் பார்த்துச் சிரித்தான்.

"பயப்படாதக்கா, பார்வை வந்துடும்னு டாக்டர் சொல்லிட்டார். கண்ணாடி சரியில்லையான்னு மேனேஜர் கேட்டார். எங்கக்கா செஞ்சது, அதுல ஒரு குறையும் கிடையாது, நான்தான் திமிர்ல கழட்டினேன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டேன்."

அவள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். வெட்கத்தில் உடம்பே கூசியது.

"குறை கண்ணாடிலதான்டா. பூச்சு நிக்காதுன்னு எனக்குத் தெரியும்."

"எப்பலேருந்து?"

"ஆறு வாரமா."

திட்டுவான் என்று காத்திருந்தாள். திட்டியிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பாள். அவன் போர்வையை விலக்கி, காலைத் தொங்கவிட்டு, செருப்பைத் துழாவினான்.

"எங்கடா போற?"

"சாயங்கால ஷிப்டு உள்ள ஏறப்போகுதுக்கா. பதினெட்டு பேரு. வேண்டாம்னவங்களைக்கூட விடாம, உன் பேரைச் சொல்லி நான்தான் அந்தக் கண்ணாடியை மாட்டிவிட்டேன்."